தாவரக் குடும்பம் கண்ட மாக்னோல்

முன்னுரை

பனி மிகுந்த நாடுகளில் குளிர்காலம் கழிந்து இளவேனில் தலைப்படும்போது, பல்கலைக்கழக வளாகங்களிலும் கல்லூரித் தோட்டங்களிலும் கண்டார் கண்ணைக் கவரும் காட்சி ஒன்று உண்டு. சுற்றிலும் உள்ள மரங்கள் இன்னும் தளிர் ஈனாமல் வெறுங்கொம்புகளாய் நிற்கும். அவற்றினிடையே ஒரு மரம் மட்டும், இலை ஒன்றேனும் இன்றி, கிளைகளின் நுனிதோறும் கிண்ணம் போன்ற பெருமலர்களை ஏந்தி நிற்கும். சில மரங்களின் மலர் பால்போல் வெளுத்திருக்கும். சிலவற்றின் மலர் உட்புறம் வெண்மையும் வெளிப்புறம் ஊதா கலந்த செம்மையும் கொண்டிருக்கும். இம்மரம் யாது என வினவும் மாணாக்கர்க்கு மாக்னோலியா என்பதே விடையாகக் கிடைக்கும்.

அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழு விடையும் அன்று. மாக்னோலியா என்னும் பெயர் ஒரு மரத்திற்கு மட்டும் உரியதன்று. இருநூற்றுக்கு மேற்பட்ட மரவினங்களுக்கு உரிய பொதுப்பெயர் அது. அவற்றுள் ஆண்டு முழுதும் பசுமை மாறாதன பல. குளிர்காலத்தில் இலை முழுதும் உதிர்த்துவிடுவன வேறு பல. வளாகத்தில் நிற்கும் இலையுதிர் மாக்னோலியா அவற்றுள் எது என்று துணிவதற்கு, மரத்தின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கு நோக்கி, அதன் உறவினம் எது என ஆராய்தல் வேண்டும். இவ்வாறு உறவறிந்து மரமறியும் முறைக்கு வித்திட்ட பெரியார் பிரெஞ்சு நாட்டில் தோன்றிய பியேர் மாக்னோல் என்பவர். அம்மரத்திற்கு வாய்த்த பெயரும் அவர் பெயரே. தாம் பிறந்த ஊரில் தமக்கு உரிய இடம் கிட்டாமல் இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்த அவர் வரலாறு, மாணாக்கர் யாவரும் அறிதற்குரியது.

பிறப்பும் கல்வியும்

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலுக்கு அணித்தாய் மோன்பெல்லியே என்னும் நகரம் உள்ளது. மருத்துவக் கல்விக்குப் பன்னெடுங் காலமாகப் பெயர் பெற்ற நகரம் அது. அங்குள்ள மருத்துவக் கல்விக்கூடம் 1220ஆம் ஆண்டிலேயே தனக்கென விதிமுறைகளைப் பெற்றது. அந்நாளில் மருந்து என்பது பெரும்பாலும் மூலிகையே. ஆதலின் மருத்துவம் பயில்வார் செடிகொடிகளை நேரிற்கண்டு அறிதற்பொருட்டு, 1593ஆம் ஆண்டில் நான்காம் என்றி மன்னன் அந்நகரில் ஒரு தாவரத் தோட்டம் அமைப்பித்தான். ரிஷே தெ பெல்வால் என்னும் அறிஞர் அதனை உருவாக்கினார். 1622ஆம் ஆண்டில் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அத்தோட்டம் அழிவுற்றது. அவர் தளராது அதனை மீண்டும் நிறுவினார். பிரெஞ்சு நாட்டுத் தாவரத் தோட்டங்களுள் தொன்மை மிக்கது இதுவே.

இத்தகைய நகரில் 1638ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8ஆம் நாள் பியேர் மாக்னோல் பிறந்தார். அவருடைய தந்தையார் குளோது மாக்னோல் மருந்து விற்கும் தொழிலினர். வேரும் பட்டையும் இலையும் விதையும் குவிந்து கிடந்த மனைச்சூழலில் வளர்ந்த சிறுவர்க்குச் செடிகளின்பால் விருப்பம் எழுந்ததில் வியப்பில்லை. உரிய பருவத்தில் மருத்துவக் கல்வி பயின்று, 1659ஆம் ஆண்டில் தம் இருபதாம் வயதிலேயே மருத்துவப் பேரறிஞர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் அவருடைய உள்ளம் நோயாளரைத் தேடிச் செல்வதினும் செடிகளைத் தேடிச் செல்வதிலேயே மிகுதியும் ஈடுபட்டது. மோன்பெல்லியேயைச் சூழ்ந்த லாங்தோக் நாட்டிலும், அதனை அடுத்த புரோவான்சு நாட்டிலும், பிரனீசு ஆல்ப்சு ஆகிய மலைத்தொடர்களிலும் அவர் நடந்து திரிந்தார். கண்ட செடி ஒவ்வொன்றையும் வேர்முதல் விதைவரை ஆராய்ந்தார். ஏட்டில் எழுதப்பட்டதை ஏட்டளவில் ஏற்காது, மண்ணில் முளைத்ததோடு ஒப்பிட்டு உண்மை தெளிவது அவருடைய வழக்கமாயிற்று.

கிட்டாத பதவி

மோன்பெல்லியே தோட்டத்தில் செடிகாட்டும் ஆசிரியர் என ஒரு பதவி இருந்தது. மாணாக்கரைத் தோட்டத்தினுள் அழைத்துச் சென்று, ஒவ்வொரு செடியின்முன்னும் நின்று, அதன் பெயரும் இயல்பும் பயனும் இவையெனச் சுட்டிக் கற்பிப்பதே அப்பதவிக்குரியார் கடமை. 1664ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிவுற்றது. மன்னர்க்கு மருத்துவராய் விளங்கிய வல்லோ என்பார் மாக்னோலின் புலமையை நன்கறிந்தவர். முந்திய ஆண்டில் மாக்னோலுக்கு அரச மருத்துவர் என்னும் சிறப்புப் பெயர் கிடைக்கச் செய்தவரும் அவரே. செடிகாட்டும் ஆசிரியராக மாக்னோலை அமர்த்தவேண்டும் என்பது அவர் விருப்பம். மாக்னோலுக்கு அப்போது வயது இருபத்தாறு. அப்பதவிக்கு அவரினும் தக்கார் அந்நகரில் இலர். எனினும் அப்பதவி அவர்க்கு மறுக்கப்பட்டது. காரணம் அவர் கல்வியன்று, அவர் சமயம்.

மாக்னோல் குடும்பத்தார் புரொட்டஸ்டண்டு சமயத்தினர். நாட்டை ஆண்ட மன்னனும் மக்களுள் மிகப் பெரும்பாலோரும் கத்தோலிக்கர். இவ்விரு சாராரும் முன்னர்ப் பல்லாண்டு போரிட்டு நாட்டைக் குருதியில் தோய்த்தனர். தோட்டம் அமைத்த அதே நான்காம் என்றி மன்னன், 1598ஆம் ஆண்டில் நாந்து ஆணை எனப்படும் ஆணையைப் பிறப்பித்து, புரொட்டஸ்டண்டு மக்களும் தம் சமயத்தில் நின்று வாழலாம் என உரிமை வழங்கினான். அவன் பேரனாகிய பதினான்காம் லூயி காலத்தில் அவ்வுரிமை சிறிது சிறிதாகத் தேய்ந்தது. பதவிகளின் கதவுகள் ஒவ்வொன்றாய் அடைக்கப்பட்டன.

1667ஆம் ஆண்டில் மருத்துவப் பேராசிரியர் பதவிக்கு வெளிப்படையாகத் தேர்வு நடைபெற்றது. மாக்னோல் அத்தேர்வில் முதலிடம் பெற்றார். அறிஞர் அவை அவரைத் தகுதியுடையார் எனக் கண்டபின்னும், மன்னன் அவரை ஏற்க மறுத்தான். இம்முறையும் சமயமே தடையாயிற்று. ஒருமுறை தோல்வியுற்றார் உளம் தளர்வர். வென்ற பின்னும் வெற்றியின் பயன் மறுக்கப்படின் எத்துணை வருந்துவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் மாக்னோல் கற்பதைக் கைவிட்டாரல்லர். 1676ஆம் ஆண்டில் மோன்பெல்லியே நகரையும் அதன் சூழலையும் சார்ந்த செடிகளைத் தொகுத்து அரியதொரு நூலை வெளியிட்டார். அவர் புகழ் நாட்டெல்லையைக் கடந்தது. ஆங்கில மெய்யறிஞர் ஜான் லாக்கு மோன்பெல்லியேயில் தங்கியிருந்த நாளில் அவரோடு பழகினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தோன்றுதற்குக் காரணமான பெருந்தொகுதியைச் சேர்த்த ஹான்சு சுலோனும் இளமையில் அவரை நாடி வந்தார். 1679ஆம் ஆண்டில் மோன்பெல்லியேக்குப் படிக்க வந்த தூர்னபோர் என்னும் இளைஞர் அவர்க்கு மாணாக்கரானார். பின்னாளில் தூர்னபோர் தாவர நூலில் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றார். பதவி இல்லாதிருந்தும் ஆசிரியராய் விளங்கியவர் மாக்னோல்.

1685ஆம் ஆண்டும் அதன்பின்னும்

1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி நாந்து ஆணையை முற்றும் நீக்கினான். புரொட்டஸ்டண்டு கோயில்கள் இடிக்கப்பட்டன. சமய குருமார் நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஏவப்பட்டனர். ஏனையோர் வெளியேறுதல் கூடாது எனத் தடுக்கப்பட்டனர். அத்தடையையும் மீறிப் பல்லாயிரவர் இரவோடிரவாகப் பிறநாடுகளுக்குத் தப்பிச் சென்றனர். எஞ்சியோருட் பலர் அரசின் கடுமைக்கு ஆற்றாது சமயம் மாறினர். நாற்பத்தேழு வயதினராகிய மாக்னோலும் தம் சமயத்தைத் துறந்து கத்தோலிக்கரானார்.

ஒரு மனிதன் தன் உள்ளத்து நம்பிக்கையை அரசன் ஆணைக்கு அஞ்சி மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை கொடிது. அந்நிலைக்கு ஆளானாரைப் பழிப்பது எளிது. அந்நிலையை உண்டாக்கினாரே பழிக்குரியர் என்பதை வரலாறு காட்டும். கைவினைஞரும் வணிகரும் அறிஞரும் நாட்டை நீங்கியதால் பிரெஞ்சு நாடு அடைந்த இழப்புப் பெரிது. இருபத்துமூன்று ஆண்டுகளாக மாக்னோலின் வாயால் செடியின் பெயர் கேட்கும் பேற்றைத் தோட்டத்து மாணாக்கர் இழந்ததும் அவ்வகை இழப்பே.

1687ஆம் ஆண்டில் அவர் செடிகாட்டும் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். 1664இல் மறுக்கப்பட்ட அதே பதவி, இருபத்தாறு வயதில் கிட்டாதது, நாற்பத்தொன்பதாம் வயதை எய்தும் காலத்தில் கிட்டியது. 1694ஆம் ஆண்டில் மருத்துவப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தது. அப்பதவிக்கு அவரைப் பரிந்துரைத்தாருள் ஒருவர் அவருடைய மாணாக்கராகிய தூர்னபோரே. 1696ஆம் ஆண்டில் அவர் தோட்டத்தின் தலைவரானார். மறுவருடம் அத்தோட்டத்துச் செடிகள் அனைத்தையும் விரித்துரைக்கும் நூலொன்றை வெளியிட்டார்.

குடும்பம் என்னும் கருத்து

மாக்னோல் செடிகாட்டும் ஆசிரியராகி ஈராண்டு கழிந்தபின், 1689ஆம் ஆண்டில், இலத்தீன் மொழியில் ஒரு சிறுநூல் இயற்றினார். அளவாற் சிறியது அது, ஆற்றலாற் பெரியது. அந்நூலே அவர்க்கு அழியாப் புகழ் தந்தது.

அவர்க்கு முன்னிருந்தோர் செடிகளைப் பலவாறாக வகுத்தனர். சிலர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அகரநிரலாக அடுக்கினர். சிலர் காய்ச்சலுக்கு உரியன, புண்ணுக்கு உரியன என மருந்துப் பயன் கொண்டு பிரித்தனர். வேறு சிலர் மலர் ஒன்றையே நோக்கினர். இன்னும் சிலர் கனி ஒன்றையே நோக்கினர். இம்முறைகளில் நெருங்கிய உறவுடைய செடிகள் பிரிந்து போதலும், உறவே இல்லாதன அருகருகே நிற்றலும் நேர்ந்தன.

மாக்னோல் வேறு வழி கண்டார். ஒரு மனைக்குரிய மக்களை நோக்குவோமாயின், ஒருவர் நெடியர், ஒருவர் குறியர். ஒருவர் வெளியர், ஒருவர் கரியர். எனினும் நெற்றி, விழி, நடை, குரல் ஆகிய பலவும் ஒருங்கு சேர்ந்து தரும் சாயலால், இவர் ஒரு தாய் வயிற்று மக்கள் என அறிந்துகொள்கிறோம். செடிகளிடத்தும் இத்தகைய சாயல் உண்டு என அவர் கருதினார். வேர், தண்டு, மலர், விதை என உறுப்புகள் அனைத்தையும் சேர்த்து நோக்குமிடத்து, ஓர் உறுப்பால் மட்டும் புலப்படாத உறவு புலப்படும் என்றும் தெளிந்தார். அவ்வாறு உறவுடைய செடிகளின் கூட்டத்திற்குக் குடும்பம் எனப் பெயரிட்டு, தாம் அறிந்த செடிகளை 76 குடும்பங்களாக அட்டவணைகளில் வகுத்துக் காட்டினார். தாவர நூலில் குடும்பம் என்னும் சொல்லை இப்பொருளில் முதன்முதல் ஆண்டவர் அவரே.

நம் நாட்டுச் சிறாரும் இக்கருத்தை எளிதில் உணர்வர். துவரை நிமிர்ந்து வளரும் செடி, அவரை பந்தலில் படரும் கொடி, அகத்தியோ மரம். உருவத்தால் இம்மூன்றும் ஒன்றையொன்று ஒவ்வா. ஆயினும் அவற்றின் மலரையும், விதைகளை வரிசையாய் உள்ளடக்கிய காயையும் நோக்குவார், இவை ஒரு குடும்பத்தின என ஐயமின்றிக் கூறுவர்.

மாக்னோல் வகுத்த குடும்பங்கள் அனைத்தும் பின்னாளில் அவ்வாறே நின்றனவல்ல. அவற்றுட் பல திருத்தப்பட்டன. ஆனால் அவர் இட்ட வழி நிலைத்தது. அவரிடம் பயின்றாருள் அந்துவான் தெ ஜூசியூ என்பாரும் ஒருவர். அவருடைய தமையன் மகனாகிய அந்துவான் லொரான் தெ ஜூசியூ, 1789ஆம் ஆண்டில், இயற்கை உறவின்வழிச் செடிகளை வகுத்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மாக்னோலின் சிறுநூலுக்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் சரியாக நூறு ஆண்டு. அந்நூலில் அமைந்த இனங்களுள் ஒன்றே மாக்னோலியக் குடும்பம். குடும்பம் கண்டவர் பெயராலேயே ஒரு குடும்பம் அமைந்தது.

பெயர் வந்த வரலாறு

மாக்னோலின் பெயர் மரத்திற்கு ஏறிய வரலாறு இனிமையுடையது. சார்லசு புளூமியே என்பவர் பிரெஞ்சு நாட்டுத் துறவி. தாவர நூலில் வல்லவர். மன்னன் ஆணைப்படி அவர் மும்முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடல்கடந்து சென்று செடிகளை ஆராய்ந்தார். ஐரோப்பியர் அறியாத புதிய செடிகளுக்குத் தாவர நூல் வல்லார் பெயர்களைச் சூட்டுவது அவர் கொண்ட நெறி. மர்த்தினிக்குத் தீவில் பெரிய வெண்மலர் பூக்கும் மரம் ஒன்றை அவர் கண்டார். 1703ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதற்கு மாக்னோலியா எனப் பெயரிட்டார். அப்போது மாக்னோல் அறுபத்தைந்து வயதினராய் மோன்பெல்லியேயில் வாழ்ந்திருந்தார்.

அத்தீவின் மரம் பசுமை மாறா இனத்தது. மாக்னோலியா இனத்து மரங்களுள் ஐரோப்பாவில் முதலில் வளர்க்கப்பட்டது வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வளர்வது. 1688ஆம் ஆண்டில் ஜான் பானிஸ்டர் என்னும் சமய குரு அதனை இலண்டன் ஆயராகிய காம்ப்டனின் தோட்டத்திற்கு அனுப்பினார். அக்காலத்தில் அம்மரத்திற்கு மாக்னோலியா என்னும் பெயர் இல்லை. பின்னர் வந்த அறிஞரே இதுவும் அவ்வினத்தது எனக் கண்டு, அப்பெயரை இதற்கும் சூட்டினர்.

1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு, உலகச் செடிகளுக்கு இருசொற் பெயர் வகுத்த தம் பெருநூலில் மாக்னோலியா என்னும் பெயரை நிலைநிறுத்தினார். எனினும் அத்தகைய பேரறிஞர்க்கும் இம்மரங்களை வேறுபிரித்தறிதல் அரிதாயிருந்தது. வட அமெரிக்க மாக்னோலியாக்கள் அனைத்தையும் ஒரே இனம் என்று கொண்டு, அதற்குள் ஐந்து வேற்றுமைகளை மட்டுமே அவர் காட்டினார். அவ்வைந்தனுள் இலையுதிராப் பெருமலர் மரமும் ஒன்று; இலையுதிர்க்கும் மரங்களும் அடங்கின. ஆறு ஆண்டு கழித்து, 1759ஆம் ஆண்டில், அவரே தம் கொள்கையைத் திருத்தி அவற்றுட் சிலவற்றைத் தனித்தனி இனங்களாக்கினார். அறிஞர்க்கு அழகு பிழையே செய்யாமையன்று. உண்மை விளங்கியவழித் திருத்திக்கொள்ளுதலே ஆகும்.

வளாகத்து மரத்தை அறியும் முறை

இனி, வளாகத்தில் நிற்கும் இலையுதிர் மாக்னோலியாவை அறியுமாறு எங்ஙனம் எனக் காண்போம். மாக்னோல் காட்டிய வழியே முதலில் குடும்பத்தை அறிந்து, பின்னர் இனத்தை அறிதல் வேண்டும்.

குடும்ப அடையாளம் கிளையிலேயே உள்ளது. இளந்தளிரை உறைபோல் மூடியிருந்த இலையடிச் செதில் உதிர்ந்தபின், அவ்விடத்தில் கிளையைச் சுற்றிக் கணையாழி இட்டாற்போல் ஒரு வளையத் தழும்பு நிற்கும். இலை முழுதும் உதிர்ந்த குளிர்காலத்திலும் இத்தழும்பைக் காணலாம். மலரில் புல்லிதழ் இது, அல்லிதழ் இது எனப் பெரும்பாலும் பிரித்தறிய இயலாதவாறு இதழ்கள் ஒத்திருக்கும். மலரின் நடுவே நீண்ட அச்சொன்றில் கேசரங்களும் அவற்றின்மேல் சூலகங்களும் திருகுமுறையில் நெருங்கி அமைந்திருக்கும். மலர் உதிர்ந்தபின் அவ்வச்சே கூம்பு போன்ற காயாகும். அது வெடிக்குங்கால் செந்நிற விதைகள் வெண்ணூலிழையில் தொங்கும்.

குடும்பம் துணிந்தபின் இனம் காண்பது எளிது. இலை தோன்றுமுன்னர் மலர்ந்து, ஏறத்தாழ ஒத்த அளவினவாய் ஒன்பது தூய வெள்ளிதழ்கள் உடையதாயின், அது சீன நாட்டு யூலான் மரம். அங்குக் கோயில்களிலும் அரண்மனைத் தோட்டங்களிலும் பன்னூற்றாண்டாக வளர்க்கப்பட்டு, 1780ஆம் ஆண்டில் இங்கிலாந்து அடைந்தது. வெள்ளிதழின் வெளிப்புறத்தே ஊதாச் செம்மை படர்ந்திருப்பின், அது பெரும்பாலும் சூலாஞ்சு மாக்னோலியா ஆகும். இது யூலானையும் ஊதாமலர் மாக்னோலியாவையும் கலந்து பிறப்பித்தது. நெப்போலியன் படையில் பணியாற்றிய சூலாஞ்சு போதேன் என்பார், பாரிசு நகருக்கு அண்மையில் இருந்த தம் தோட்டத்தில் 1820ஆம் ஆண்டளவில் இக்கலப்பைச் செய்தார். 1826இல் அது முதன்முதல் மலர்ந்தது. வளாகங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஆறு பெரிய வெள்ளிதழ்களும் அவற்றின் புறத்தே மூன்று மிகச்சிறிய இதழ்களும் இருப்பின், அது சப்பானிய நாட்டுக் கோபுசி மரம். பன்னிரண்டும் அதற்கு மேலுமாய்க் குறுகி நீண்ட இதழ்கள் விண்மீன் போல் விரிந்திருப்பின், அது விண்மீன் மாக்னோலியா.

இலை தழைத்த பின்னர்ப் பசுமஞ்சள் நிற மலர் தோன்றி, இளங்காய் வெள்ளரிப் பிஞ்சு போல் இருப்பின், அது அமெரிக்க வெள்ளரி மரம். நீண்ட இலைகள் கிளை நுனியில் குடை விரித்தாற்போல் திரண்டிருப்பின், அது குடை மாக்னோலியா. லின்னேயசு ஓரினத்துள் அடக்கிய மரங்களுள் இவ்விரண்டும் சேர்ந்தனவே.

இலை உதிர்த்தல் என்னும் ஒரு குறியை மட்டும் நம்புவார் ஏமாறுதலும் கூடும். வர்ஜீனிய மாக்னோலியா குளிர் மிக்க வடபுலத்தில் இலை உதிர்க்கும். வெப்பம் மிக்க தென்புலத்திலோ பசுமை மாறாது நிற்கும். ஒரே மரவினம் நிலத்திற்கேற்ப இருவேறு இயல்பு காட்டுகிறது. ஆதலின் இலையின் கீழ்ப்புறத்து வெண்மை, மலர், காய், அரும்பு அனைத்தையும் ஒருங்கு நோக்கல் வேண்டும். ஓர் உறுப்பை மட்டும் கொண்டு முடிவுகட்டற்க என்னும் மாக்னோலின் கொள்கைக்கு, அவர் பெயர் தாங்கிய மரமே சான்றாய் நிற்கிறது.

தமிழ்நாட்டு உறவினர்

இக்குடும்பத்து மரம் தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிய மலர்களுள் ஒன்றாகிய சண்பகம் மாக்னோலியக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் கிளையிலும் வளையத் தழும்பு உண்டு. அதன் காயும் வெடித்துச் செவ்விதைகளைக் காட்டும். நீலகிரி, பழனி ஆகிய மலைகளின் சோலைகளில் வளரும் காட்டுச் சண்பகமும் அதன் உறவே. சண்பகம் இலையுதிரா மரம். அதன் மலர் கிளை நுனியில் தோன்றாது, இலைக் கக்கத்தில் தோன்றும். இவ்வேற்றுமை பற்றி லின்னேயசு அதனை மிக்கேலியா என வேறு பெயரால் வைத்தார். அணுவளவில் மரபுப் பொருளை ஆராய்ந்த இக்கால அறிஞர் பலர் சண்பகத்தையும் மாக்னோலியா என்னும் பெயர்க்கீழேயே கொணர்ந்துள்ளனர். எனவே நம் கோயில் நந்தவனத்துச் சண்பகமும் மோன்பெல்லியே அறிஞரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இறுதிக் காலம்

தூர்னபோர் 1708ஆம் ஆண்டில் காலமானார். பாரிசு அரச அறிவியற் கழகத்தில் அவர் வீற்றிருந்த இடத்திற்கு 1709ஆம் ஆண்டில் மாக்னோல் அழைக்கப்பட்டார். மாணாக்கர் இடத்தை ஆசிரியர் நிரப்புதல் உலகில் அரிது. அம்மாணாக்கர் பரிந்துரையால் முன்னர்ப் பேராசிரியரானவர், அவர் மறைவால் அறிஞர் அவையில் இடம் பெற்றார். அப்பெருமை அவர்க்கு மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே தந்திருக்கும்.

1715ஆம் ஆண்டு மே திங்கள் 21ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், தாம் பிறந்த மோன்பெல்லியேயிலேயே மாக்னோல் இயற்கை எய்தினார். அவர்க்குப் பதவி மறுத்த பதினான்காம் லூயி மன்னனும் அவ்வாண்டிலேயே செப்டம்பர் திங்களில் மறைந்தான். மாக்னோலின் மைந்தர் அந்துவான் தந்தையார் எழுதி வைத்திருந்த நூலொன்றை 1720ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தம் கடமையை நிறைவேற்றினார்.

முடிவுரை

மக்களைப் பிறந்த சமயம் என்னும் ஒரு குறியால் மட்டும் அளந்து, தக்காரையும் தகாதார் என ஒதுக்கியது மாக்னோல் வாழ்ந்த நாட்டு அரசு. அவ்வாறு ஒதுக்கப்பட்ட மாக்னோலோ, ஒரு செடியைக்கூட ஒரு குறியால் மட்டும் அளத்தலாகாது. அதன் முழுமையையும் நோக்கி உறவறிதல் வேண்டும் என உலகிற்கு உரைத்தார். ஆணை பிறப்பித்த மன்னர் அரண்மனைகளைக் காண்போர் வியப்பர். மாக்னோலின் பெயரோ ஆண்டுதோறும் புதிதாய் மலர்கிறது. மாணாக்கர் தம் பள்ளியிலும் தெருவிலும் நிற்கும் மரங்களை அவர்போல் நின்று நோக்கி, இலையும் மலரும் காயும் ஒப்பிட்டு, அவற்றின் பெயரையும் உறவையும் தாமே கண்டறியப் பழகுவாராக. அப்பழக்கம் மரத்தை அறிதற்கு மட்டுமன்றி மனிதரை அறிதற்கும் துணை செய்யும்.